விறகு கொண்டுவந்தவளுக்கு என்ன தருவது?

எங்கள் வாசிப்புக் குழுவில் ஐந்து பேர். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு வீடியோ காலில் கூடுவோம். டொரண்டோவில் இருக்கும் தோழிக்கு அது காலைக் காப்பி நேரம். போன மாதம் எடுத்துக்கொண்ட புத்தகம் ஹெதர் ஃபாசெட் எழுதிய 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்'. 2023 ஜனவரியில் வந்த நாவல். எழுதியவர் கனடாக்காரர். 2024இல் இரண்டாம் பாகமும் 2025இல் மூன்றாம் பாகமும் வந்துவிட்டன. நாங்கள் பேசியது முதல் பாகத்தைப் பற்றித்தான். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் பேச்சு அன்றைக்கு இரண்டரை மணி நேரம் போனது. ஒரே புத்தகத்தைத்தான் ஐந்து பேரும் படித்தோமா என்கிற அளவுக்குக் கருத்து வேறுபாடு.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவைத் தொட்டும் சில இடங்களில் பேச வேண்டியிருக்கும், அதனால் படிக்கப்போகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

காலம் 1909. எமிலி வைல்ட் கேம்பிரிட்ஜில் ஆசிரியை. அந்த உலகத்தில் ஃபேரிகள் நிஜம், அவற்றைப் படிப்பது ஒரு பல்கலைக்கழகத் துறை. உலகத்து ஃபேரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்துக்கொண்டிருக்கிறாள் எமிலி. அதில் பாக்கி இருப்பவர்கள் வடக்கே, லியோஸ்லாண்ட் என்ற பனித்தீவில் வாழும் 'மறைந்திருப்பவர்கள்'. அங்கே ஹ்ராஃப்ன்ஸ்விக் என்ற சின்னக் கிராமத்துக்கு, ஷேடோ என்ற பெரிய கறுப்பு நாயோடு போய் இறங்குகிறாள். கொஞ்ச நாளில் சக பேராசிரியன் வெண்டெல் பாம்பிள்பியும் அழையாமல் வந்து சேருகிறான். அழகன், சோம்பேறி, வாய்ப்பேச்சில் மன்னன். அவன் மனிதனே இல்லை என்று எமிலிக்கு ஏற்கெனவே சந்தேகம். நாவல் முழுக்க அவளுடைய கள நாட்குறிப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது, அடிக்குறிப்புகள் உட்பட.

இங்கே 'ஃபேரி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரு சங்கடம் உண்டு. 'தேவதை' என்றால் நமக்கு வெள்ளை கவுனும் இறக்கையும் நட்சத்திரக் குச்சியும் ஞாபகம் வரும். இந்த நாவலில் வருபவை அப்படிப்பட்டவை அல்ல. அழகும் பயமும் பிரிக்க முடியாமல் கலந்தவை. என்னைக் கேட்டால் திருமுருகாற்றுப்படையில் வரும் 'சூரரமகளிர்' தான் நெருக்கமான சொல். மலைச்சோலையில் ஆடும் அந்தப் பெண்களைப் படிக்கும்போது அழகில் லயிப்பதா, அந்தச் சோலைப் பக்கமே போகாமல் இருப்பதா என்று மனசு தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் ஃபேரி. ஆனால் கட்டுரை முழுக்க சூரரமகளிர் என்று எழுதினால் வேறு உலகத்துக்குள் போய்விடுவோம். ஃபேரி என்றே இருக்கட்டும்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

குழுவில் ஒருவர் எண்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார். "இவ்வளவு பக்கம் ஆச்சு, இன்னும் குளிர்தான் அடிக்குது" என்றார். எமிலி குடிசைக்கு வருகிறாள், அடுப்பு மூட்டத் தெரியவில்லை, ஊர்க்காரர்கள் முகம் கொடுக்கவில்லை, காட்டுச் சுனை ஓரம் ஒரு குட்டி ஃபேரியோடு பேச்சு. கதை எங்கே என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் பாதியில் பெரிய நிகழ்ச்சி என்று எதுவும் கிடையாது.

வரலாறு பாடம் நடத்தும் அக்காவுக்கு வேறு கோபம். 1909இல் கேம்பிரிட்ஜில் ஒரு பெண் பேராசிரியையா என்று ஆரம்பித்தார். 1897இல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று கேம்பிரிட்ஜில் வாக்கெடுப்பு நடந்தபோது, சைக்கிள் ஓட்டும் பெண் போல ஒரு உருவபொம்மை செய்து செனட் ஹவுஸுக்கு எதிரே தொங்கவிட்டார்கள் எதிர்ப்பாளர்கள். தீர்மானம் தோற்றது. பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்தான். முதல் பெண் பேராசிரியராகத் தொல்லியல் அறிஞர் டாரதி கேரட் தேர்வானது 1939இல். அதாவது பெண்களுக்குப் பட்டமே தராத இடத்தில் ஒரு பெண் பேராசிரியர். "இந்த வலி எதுவும் புத்தகத்தில் இல்லையே, துடைத்து எடுத்துவிட்டார்களே" என்பது அக்காவின் ஆதங்கம். ஃபேரி இருக்கும் உலகம்தானே, அங்கே கேம்பிரிட்ஜும் வேறாக இருக்கலாம் என்றோம். "எல்லாத்தையும் மாத்துறதுன்னா 1909 எதுக்கு? கேம்பிரிட்ஜ் எதுக்கு?" என்று கேட்டார். அதற்கு எங்களில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. என்னிடம் இன்றைக்கும் இல்லை.

குழுவிலேயே இளையவளுக்கு வெண்டெல் மட்டும் போதும். அவன் வந்ததும் குடிசையைப் பளிச்சென்று ஆக்குவது, எமிலியின் தொளதொள உடைகளை அவளுக்குத் தெரியாமலே தைத்துச் சரிசெய்வது, ஒரு இடத்தில் அவளுடைய நாட்குறிப்பை எடுத்து அவனே எழுதிவைப்பது. அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தாளாம். காதல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம் என்பது மட்டும் அவளுடைய குறை. எமிலியின் விறைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. நாயைத் தவிர யாரிடமும் அன்பாகப் பேசத் தெரியாத பெண் என்றாள்.

அப்புறம் டொரண்டோ தோழி. அவள் இதை இரண்டு தடவை படித்தவள். எங்களுக்குப் பரிந்துரைத்ததே அவள்தான். 'கோஸி ஃபேன்டசி' என்ற சொல்லை முதலில் எங்களுக்குச் சொன்னதும் அவளே. உலகத்தைக் காப்பாற்றும் போர் இல்லை, நாற்பது பேர் சாகும் அத்தியாயம் இல்லை. கம்பளி, கணப்பு, சுடச்சுட ஏதாவது ஒரு பானம், ஜன்னலுக்கு வெளியே பனி. ஜனவரியில் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும் ஊரில் உட்கார்ந்து படிக்க இதைவிட ஆறுதல் கிடையாது என்றாள்.

எனக்கு அந்தச் சொல்லோடுதான் பிரச்சினை. இந்தப் புத்தகத்தை இதமான கதை என்று சொல்லிக் கையில் கொடுத்தால், உள்ளே இருக்கும் முட்கள் வாசகருக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

கிராமத்தில் ஒரு வீட்டில் குழந்தை மாற்றப்பட்டிருக்கிறது. சொந்தக் குழந்தையை ஃபேரிகள் எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் தங்களுடைய ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. அது அந்தத் தாய் தகப்பனை வதைக்கிறது. அவர்கள் அதற்குச் சோறு போட்டுக்கொண்டு, தூக்கம் இல்லாமல், பைத்தியத்தின் விளிம்பில் நிற்கிறார்கள். இந்த நம்பிக்கை ஃபாசெட்டின் கற்பனை அல்ல. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் நூற்றாண்டுகளாக இருந்தது. தேறாமல் நோயில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து 'இது நம்ம பிள்ளை இல்லை' என்று சொல்வதற்கு அது ஒரு வழியாக இருந்தது. மாற்றுக் குழந்தையைத் துன்புறுத்தினால் ஃபேரிகள் பொறுக்காமல் வந்து தங்களுடையதை எடுத்துக்கொண்டு நம்முடையதைத் திருப்பித் தருவார்கள் என்று கதைகள் சொல்லும். கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1895இல் அயர்லாந்தின் திப்பரரி மாவட்டத்தில், பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது, இது என் மனைவி அல்ல, ஃபேரிகள் விட்டுவிட்டுப் போன வேறொன்று என்று சொல்லி அவளுடைய கணவன் மைக்கேல் தீயில் எரித்தான். உறவினர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இருபது வருஷத் தண்டனை கொடுத்தார்கள், பதினைந்து வருஷம் இருந்துவிட்டு 1910இல் வெளியே வந்தான். நாவலில் எமிலி கப்பல் ஏறும் 1909இல் அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த மாற்றுக் குழந்தை வரும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். கணப்பு எவ்வளவு எரிந்தாலும் அந்த அறை சூடாகாது.

கதாநாயகி ஒரு மயக்கிலிருந்து விடுபடத் தன் விரலையே வெட்டிக்கொள்ளும் இடமும் இதே புத்தகத்தில்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் டொரண்டோ தோழி, "வலி இல்லாட்டி ஆறுதல் எப்படிடி வரும்?" என்றாள். அது சரிதான். ஆனால் ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. அவளுக்கு அது பனியிலும் போர்வையிலும் இருக்கிறது. இளையவளுக்கு வெண்டெலிடம். எனக்கு அது ஒரு விறகுக்கட்டில்.

எமிலி உலகத்து ஃபேரிகளின் சட்டதிட்டம் எல்லாம் அறிந்தவள். சுனை ஓரத்துக் குட்டி ஃபேரிக்கு அவள் வைக்கும் பெயர் போ. ஊசி போன்ற விரல்கள், வெட்கம், அருமையாக ரொட்டி சுடும். அதனிடம் எதை எப்போது கேட்கலாம், எத்தனை கேள்வி கேட்கலாம், பதிலுக்கு எதைக் கொடுத்தால் கணக்கு நேராகும் என்று எமிலிக்கு அத்துப்படி. பழைய நம்பிக்கைகளில் இந்தக் கணக்கு ரொம்பக் கறாரானது. ஸ்காட்லாந்து வீடுகளில் ராத்திரி வேலை செய்துவிட்டுப் போகும் பிரௌனி என்ற குட்டி ஃபேரிக்கு அடுப்படியில் பாலாடை வைக்க வேண்டும். ஆனால் அதைக் கூலி என்று சொல்லிவிடக் கூடாது. துணி கொடுத்தால் கோபித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடும். ஃபேரிகளின் உலகத்துக்குப் போனால் அங்கே எதையும் சாப்பிடக் கூடாது. எல்லாமே கொடுக்கல் வாங்கல் பற்றிய விதிகள்தான்.

இத்தனையும் தெரிந்தவளுக்கு மனிதர்களுடைய கணக்கு தெரியவில்லை. ஹ்ராஃப்ன்ஸ்விக்கின் ஊர்த்தலைவி ஔத்தின் மனதை வந்த கொஞ்ச நாளிலேயே நோகடித்துவிடுகிறாள். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கே புரியவில்லை. ஊர் மொத்தமும் முகம் திருப்பிக்கொள்கிறது. வெளியே உறையும் குளிர், உள்ளே விறகு இல்லை, கோடாரி பிடிக்கத் தெரியவில்லை. அந்த நேரத்தில் உதவிக்கு வருபவள் லில்யா. மரம் வெட்டுவதில் கைதேர்ந்த பெண், அதிகம் பேசாதவள். அவள் பாட்டுக்கு விறகைப் பிளந்து போடுகிறாள். இவள் ஏன் எனக்கு உதவுகிறாள், பதிலுக்கு என்ன தர வேண்டும் என்பது எமிலிக்குத் தெரியவில்லை. ஃபேரியிடம் வாங்கிய ரொட்டிக்கு விலை சொல்லத் தெரிந்தவளுக்கு, பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்த விறகுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பின்னால் லில்யாவையும் அவள் மனதுக்கு இனியவளான மார்கரெட்டையும் ஃபேரிகள் கொண்டுபோய்விடும்போது எமிலி பனியில் கிளம்பிப் போகிறாள். கடைசியில் எமிலியே மாட்டிக்கொள்ளும்போது அவளைத் தேடி ஊர்க்காரர்கள் வருகிறார்கள். அந்தக் கடைசிக் காட்சி தொண்டையை அடைக்க வேண்டுமானால் முதல் பாதியில் அந்தக் குளிரும் அந்த விறகும் வேண்டும். எண்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவரிடம் இதைத்தான் சொன்னேன்: கதை அங்கேயே நடந்துகொண்டிருந்தது, நீங்கள் ஃபேரிகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படின்னா அதைச் சுவாரஸ்யமா எழுதியிருக்கணும்" என்றார்.

டொரண்டோ தோழி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் அங்கே போன முதல் குளிர்காலத்தில், காலையில் எழுந்து பார்த்தால் வாசல் நடைபாதையில் பனி அள்ளி ஒதுக்கப்பட்டிருந்ததாம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சீக்கிரம் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பக்கத்து வீட்டு வயசான மனிதர் மண்வாரியோடு நின்றுகொண்டிருந்தார். இவள் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அடுத்த வாரம் ஒரு ஆப்பிள் பை கொண்டுவந்தார். "இன்னிக்கு வரைக்கும் கணக்கு முடியலை, முடிக்கவும் கூடாது" என்றாள். இரண்டு தடவை படித்தவள் போர்வையை மட்டும் பார்க்கவில்லை என்று அப்போது புரிந்தது.

எமிலி மாதிரி நிஜமாகவே ஒருவர் ஊர் ஊராகப் போயிருக்கிறார். எவன்ஸ்-வென்ட்ஸ் என்ற அமெரிக்கர். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் பிரிட்டனி என்று அலைந்து, ஃபேரிகளைப் பற்றி ஜனங்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, 1911இல் பெரிய நூலாக வெளியிட்டார். எமிலி பனிக்காட்டுக்குப் போகும் அதே காலம். இதே மனிதர்தான் பின்னால் திபெத்திய மரண நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்தவர். 1935 ஜனவரியில் திருவண்ணாமலைக்கும் வந்து ரமணரிடம் கேள்விகள் கேட்டிருக்கிறார், அந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது. அதே மாதிரி ஐஸ்லாந்தில் யோன் ஆர்னசன் தொகுத்த நாட்டார் கதைகள் 1862இலும் 1864இலும் இரண்டு தொகுதிகளாக ஜெர்மனியின் லைப்சிக்கில் அச்சாயின. நாவலின் 'மறைந்திருப்பவர்கள்' என்ற பெயரைக் கேட்டதுமே எனக்கு அந்தத் தொகுப்பில் உள்ள ஒரு கதைதான் ஞாபகம் வந்தது. கடவுள் ஏவாள் வீட்டுக்கு வந்தாராம். குளிப்பாட்டாத பிள்ளைகளை அவள் வெட்கப்பட்டு ஒளித்துவைத்தாளாம். எனக்கு மறைத்தது மனிதர் கண்ணுக்கும் மறையட்டும் என்று கடவுள் சொல்லிவிட, அந்தப் பிள்ளைகளே மறைந்திருக்கும் ஜனங்கள் ஆனார்களாம். இந்தக் கதைகளைச் சொன்னவர்களின் வீட்டில் தொகுத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். காரணம் இருக்கிறது.

1999இல் எம்.ஃபில். ஆய்வுக்காக ஒப்பாரிப் பாடல் சேகரித்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அங்கே ஒரு ஆச்சிக்கு நாற்பது பாட்டுக்கு மேல் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு விதிகள் எல்லாம் தெரியும். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொல்லக் கூடாது. அதனால் ஊருக்கு வெளியே களத்துமேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். ஆச்சி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார், விவரம் தெரிந்த பிள்ளைதான் என்பது மாதிரி. கிளம்பும் முன் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். "வேண்டாம் ஆச்சி, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றேன். பொய். காலையிலிருந்து ஒன்றும் குடித்திருக்கவில்லை. அவர் வீட்டில் இருந்த கருப்பட்டியைச் செலவழிக்க வைக்கக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

களத்துமேட்டில் மூன்று பாட்டுப் பாடினார். அப்புறம் மறந்துபோச்சு என்றார். நான் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினேன். "பாட்டுக்கா தாயி காசு?" என்று கேட்டு, நோட்டை வாங்கி, என் குறிப்பேட்டுக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனேன். ஐப்பசி. கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்கும் மழை. சாயங்கால பஸ் வரவில்லை. முழுக்க நனைந்து ஆச்சி வீட்டு வாசலில் நின்றேன். ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, கொடியில் கிடந்த சேலையை எடுத்துக் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம், முந்தியில் ஒரு இடத்தில் கறுப்பு நூலால் தைத்திருந்தது. "சாப்பிடுதியா தாயி?" என்றார். "பசிக்குது ஆச்சி" என்றேன். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். அந்த ராத்திரி டேப் ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மறுநாள் மழை வெறித்ததும் ஆச்சியே முன்னால் நடந்து களத்துமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் இருந்த இரண்டு கேசட்டும் தீர்ந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தார்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளி பட்டியலில் அவருக்கு ஒரு வரி இருக்கிறது: வயது, ஊர், தொழில். குளிருக்கு நடுவே லில்யா விறகைப் போட்டுவிட்டுப் போகும் பக்கத்தைப் படித்த ராத்திரி, பழைய பெட்டியைத் திறந்து முதல் நாள் கேசட்டைத் தேடி எடுத்தேன். ஓடியது. களத்துமேட்டுக்குப் போகும் முன்பே, வீட்டில் வைத்தே பொத்தானை அழுத்தியிருக்கிறேன். முதலில் ஒரு ஆட்டின் சத்தம். அப்புறம் என் குரல், ரொம்பச் சின்னப் பெண்ணின் குரல், வேண்டாம் ஆச்சி என்கிறது. அதற்குப் பிறகு டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

நனைந்த துணி காயாததால் அன்றைக்கு அந்தச் சேலையோடுதான் பஸ் ஏறினேன். அடுத்த தடவை வரும்போது கொண்டுவருகிறேன் என்றேன். "இருக்கட்டும் தாயி, அதுக்கு என்ன இப்ப" என்றார் ஆச்சி. அப்புறம் நான் போகவில்லை. சேலை என் பீரோவில் இருக்கிறது.